பேனிக் அட்டாக்குக்குக் கஞ்சா மருந்து: கனடாவில் தொடங்குமுன் ஒவ்வொரு படியாக

எனக்கு முதல் பேனிக் அட்டாக் வந்தது ரொறன்ரோவின் வார்டன் சப்வே நிலையத்துப் படிக்கட்டில். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடித்த அடியில் சட்டை துடிப்பது தெரிந்தது. விரல் நுனிகள் விறைத்தன. சரி, இதோடு கதை முடிந்தது என்றே நினைத்தேன். அம்புலன்சில் ஏற்றிப் போனார்கள். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். நடுச்சாமத்தில் ஒரு இளம் டொக்டர் வந்து, "இதயத்தில் ஒரு பிழையும் இல்லை, இது பேனிக் அட்டாக்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்து என்ன செய்வது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

சொல்லத்தான் ஆளில்லாமல் இருந்ததே தவிர, வெளியே வந்தால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. வேலையிடத்துத் தம்பி ஒருவன் சொன்னான்: "அண்ணை, கனக்க யோசியாதேங்கோ. ஒரு கம்மி போடுங்கோ, நல்ல நித்திரை வரும்." கடையில் வாங்கிய ஒரு பொதியில் கஞ்சா கலந்த ஒரே ஒரு கம்மி மிட்டாய் இருந்தது. அதில் போதை தரும் டிஎச்சி 10 மில்லிகிராம். பெயர் கம்மி என்றாலும் வேலை கம்மியாக இருக்கவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் ஒன்றுமே இல்லை. அதன்பிறகு வார்டன் படிக்கட்டில் அரை மணித்தியாலத்தில் முடிந்த விஷயம், என் வீட்டு வரவேற்பறையில் நாலு மணித்தியாலம் நடந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்தவற்றைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. கனடாவில், அதிலும் ஒன்ராறியோவில் இருக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கனடாவில் மருத்துவத் தேவைக்குக் கஞ்சா பெறும் வழி 2001இலேயே திறந்துவிட்டது. 2018 அக்டோபர் 17இல் எல்லாப் பெரியவர்களுக்கும் சட்டபூர்வமானது. ஆகவே இங்கே கேள்வி "கிடைக்குமா" என்பதே இல்லை. பேனிக் உள்ள ஒருவருக்கு அது உதவுமா, உபத்திரவம் தருமா என்பதுதான்.

முதற்படி: வந்தது என்ன என்று உறுதிசெய்யுங்கள்

பேனிக் அட்டாக் திடீரென எழும்பும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். படபடப்பு, மூச்சு முட்டல், வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, கைகால் விறைப்பு, சுற்றியிருப்பதெல்லாம் கனவு போலத் தோன்றுவது, செத்துவிடுவேன் அல்லது பைத்தியமாகிவிடுவேன் என்ற பயம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூல் இப்படி 13 அறிகுறிகளைச் சொல்லி, குறைந்தது 4 சேர்ந்து வந்தால் பேனிக் அட்டாக் என்கிறது. ஊரில் "அந்தரமாக் கிடக்கு" என்பார்களே, அதன் உச்சம் இது. உளமருத்துவம் எழுதும் நம்மவர்கள் பதற்ற நோய்க்குப் "பதகளிப்பு" என்ற நல்ல சொல்லை வைத்திருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு விளக்க அந்தச் சொல் மிகவும் உதவும்.

ஆனால் நெஞ்சுவலி முதற்தடவை வருகிறதென்றால் நீங்களே பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள், அவசர எண் 911ஐ அழையுங்கள். பிறகு குடும்ப டொக்டரிடம் போய்த் தைரொயிட், இரத்தச்சோகை, இதயத்துடிப்புக் கோளாறு எதுவும் இல்லையென்று சோதித்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் நீல இன்ஹேலர்கூடப் படபடப்பைத் தரும். கோப்பியும் அப்படித்தான். நான் அப்போது நாளுக்கு ஐந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன், ஒரு டொக்டர் கேட்கும்வரை அதை எண்ணிக்கூடப் பார்த்ததில்லை.

இன்னொன்று, இலங்கைப் போரிலிருந்து வந்த நம் ஆட்களுக்கு உரியது. விக்டோரியா தினத்திலும் கனடா தினத்திலும் வாணம் வெடிக்கும்போது, அல்லது ஹெலிகொப்டர் தாழப் பறக்கும்போது உங்களுக்கு இது வருகிறதென்றால், அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். போரின் நினைவோடு கட்டுண்ட பதற்றத்துக்கு வைத்தியம் வேறு மாதிரி. "அதெல்லாம் பழைய கதை" என்று ஒதுக்கினால் டொக்டர் பாதி நோயைத்தான் பார்ப்பார்.

இரண்டாம் படி: பேனிக் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள், கஞ்சா பற்றிய முழுத் தீர்மானமும் இதில்தான் தொங்குகிறது.

பயந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், இதயம் வேகமாகும், மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் விரல் விறைக்கிறது, தலை சுற்றுகிறது. ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் அந்த விறைப்பைப் பார்த்து மனம் "ஹார்ட் அட்டாக்" என்று சொல்லிவிட்டால் பயம் இரட்டிக்கிறது, பயம் இரட்டித்தால் மூச்சு இன்னும் வேகமாகிறது. டேவிட் கிளார்க் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1986இல் எழுதிய விளக்கம் இதுதான்: உடம்பின் சாதாரண மாற்றத்தைப் பேராபத்து என்று மனம் தப்பாக வாசிப்பதே பேனிக்கின் எஞ்சின்.

இப்போது கஞ்சாவுக்கு வருவோம். அதில் நமக்கு வேண்டிய பொருள்கள் இரண்டு. டிஎச்சி போதை தருவது. சிபிடி போதை தராதது. டிஎச்சி உள்ளே போன சில நிமிடங்களில் இதயத்துடிப்பை நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூட்டிவிடக்கூடும். வாய் உலரும், நேரம் இழுபடும், சுற்றியிருப்பது அந்நியமாகத் தெரியும். மேலே நான் எழுதிய பேனிக் அறிகுறிகளை மறுபடி வாசித்துப் பாருங்கள். கஞ்சா புகைத்த சாதாரண ஆள் "கொஞ்சம் ஏறிவிட்டது" என்று சிரித்துக்கொண்டு இருப்பார். பேனிக் உள்ளவர் தன் இதயத்தையே காவல் காத்துக்கொண்டிருப்பவர். அதே துடிப்பு அவருக்கு அபாயச் சங்கு.

அப்படியானால் சிலருக்கு எப்படி அமைதி தருகிறது? அதுவும் பொய்யில்லை. நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992இல் ஜெருசலேமில் ரஃபாயேல் மெக்குலம் குழுவினர் அதைக் கண்டுபிடித்தபோது, "ஆனந்தம்" என்ற வடசொல்லிலிருந்து அனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். அது போய் ஒட்டும் சிபி1 என்ற ஏற்பிகள், பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில் நிறையவே இருக்கின்றன. இந்த ஏற்பியை அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சோகமான சாட்சியும் உண்டு. ரிமொனபான்ட் என்ற எடை குறைக்கும் மாத்திரை 2006இல் ஐரோப்பாவில் வந்தது. அது சிபி1ஐ அடைக்கும். சாப்பிட்டவர்களில் பலருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் வந்து, 2008இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எல்லாம் அளவில் இருக்கிறது. சிகாகோவில் 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில் 42 ஆரோக்கியமானவர்களை மேடைப்பேச்சு போன்ற நெருக்கடிக்கு உட்படுத்தினார்கள். 7.5 மில்லிகிராம் டிஎச்சி எடுத்தவர்களுக்குப் பதற்றம் சற்றுக் குறைந்தது. 12.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக் கூடியது. இடைவெளி வெறும் 5 மில்லிகிராம். உப்பும் இனிப்பும் போல இரண்டு சாமானாக இருந்தால் பிரித்து வைக்கலாம். இங்கே ஒரே சாமான்தான், கரண்டி அளவு மாறினால் குணமும் மாறுகிறது. அந்த 42 பேரில் பேனிக் நோயாளிகள் இல்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

சிபிடி இதைவிடச் சாது. பிரேசிலில் 2011இல் சமூகப் பயம் உள்ளவர்களுக்கு 600 மில்லிகிராம் கொடுத்துப் பேச வைத்தபோது பதற்றம் குறைந்தது. 2019இல் அதே நாட்டில் 150, 300, 600 என்று மூன்று அளவும் பார்த்தார்கள், ஆரோக்கியமான ஆண்களிடம் நடுவிலிருந்த 300 மட்டுமே பலித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிலீட்டருக்கு 25 மில்லிகிராம் உள்ள 30 மில்லிலீட்டர்க் குப்பியில் மொத்தம் 750 மில்லிகிராம். நாளுக்கு 300 என்றால் இரண்டரை நாளில் குப்பி காலி. நாக்கின் கீழ் நாலு சொட்டு விட்டுவிட்டு "எனக்குச் சுகமாகிவிட்டது" என்கிறவர்களை நான் மறுக்கவில்லை. அந்த ஆய்வுகளை மட்டும் அதற்குச் சாட்சிக்கு இழுக்கவேண்டாம். அவை ஒரு தடவை கொடுத்துப் பார்த்த மேடைப்பேச்சுப் பரிசோதனைகள், மாதக்கணக்கில் நடந்த பேனிக் வைத்தியம் இல்லை.

மூன்றாம் படி: நிரூபணமான வைத்தியத்தை முதலில் எடுங்கள்

பேனிக் உண்மையில் நன்றாகக் குணமாகக்கூடிய நோய். இதைச் சொல்லாமல் கஞ்சாவைப் பற்றி மட்டும் எழுதுவது அநியாயம்.

சிபிரி என்று சொல்லும் அறிதல் நடத்தைச் சிகிச்சையில், பயப்படும் உடம்பு உணர்வையே வேண்டுமென்று வரவழைப்பார்கள். சுழலும் கதிரையில் ஒரு நிமிடம் சுற்றச் சொல்வார்கள். மெல்லிய உறிஞ்சுகுழாயால் மூச்சுவிடச் சொல்வார்கள். மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார்கள். நெஞ்சு அடிக்கும், தலை சுற்றும், ஒன்றும் நடக்காது. இருபது தடவை ஒன்றும் நடக்காததைப் பார்த்த மனம் கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கு ஊதுவதை நிறுத்தும். முதல்நாள் கதிரையில் சுற்றும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒன்ராறியோவில் ஸ்ட்ரக்சர்ட் சைக்கோதெரபி என்ற அரசுத் திட்டம் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிபிரியை இலவசமாகத் தருகிறது. குடும்ப டொக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். காத்திருக்க நேரிடும், ஆகவே இன்றைக்கே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

மருந்து என்றால் செர்ட்ரலின், பரொக்செடின் போன்றவை. வேலை செய்ய 4 முதல் 6 கிழமை ஆகும். முதற்கிழமையில் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு, அங்கேதான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். குறைந்த அளவில் தொடங்கித் தரும்படி கேட்கலாம். லோராசெபாம் வகை மாத்திரைகள் உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும்.

அட்டாக் வந்த அந்த நேரத்துக்கு: மூச்சை ஆழமாக இழுக்க முயலவேண்டாம், ஏற்கெனவே கூடத்தான் இழுக்கிறீர்கள். மூக்கால் நாலு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். நிற்கும் இடத்தை விட்டு ஓடவேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், அது இறங்கும். கடதாசிப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வித்தை வேண்டாம்.

இதோடு ஒட்டிய ஒரு விஷயம்தான் கஞ்சாவில் எனக்கு மிகப் பெரிய தயக்கம். ஒருகாலத்தில் என் சட்டைப்பையில் எப்போதும், கஞ்சா ஆவியை இழுக்கும் ஒரு வேப் பேனா இருந்தது. இழுத்ததைவிடத் தொட்டுப் பார்த்ததுதான் அதிகம். பேயோட்டக் கட்டிய தாயத்து மாதிரி. தாயத்து இருக்கிறவரைக்கும் பேயும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? "அது இருந்தபடியால்தான் தப்பினேன்" என்று மனம் ஒவ்வொரு முறையும் கணக்கெழுதும். அது இல்லாமலும் தப்பியிருப்பேன் என்று கற்றுக்கொள்ளச் சந்தர்ப்பமே கிடைக்காது. லோராசெபாம் மாத்திரையைப் பணப்பையில் வைத்துத் திரிகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

நாலாம் படி: நீங்கள் விலகி நிற்கவேண்டியவரா?

உங்களுக்கோ, பெற்றார் சகோதரருக்கோ சைக்கோசிஸ், சித்தப்பிரமை, இருதுருவ நோய் வந்திருந்தால் டிஎச்சி வேண்டாம். "மாமா ஒருவர் கொஞ்சம் ஒருமாதிரி" என்று குடும்பத்தில் மூடி வைத்த கதை இருந்தால், அம்மாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்பார், மழுப்பாமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், இதயநோய் உள்ளவர்களுக்கும் வேண்டாம். 25 வயதுக்குக் கீழே மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அந்த வயதில் அடிக்கடி எடுப்பதன் பாதிப்பு கூட.

மருந்துகளோடு மோதலும் உண்டு. சிபிடி பாவம்போலத் தெரிந்தாலும் ஈரலில் மற்ற மருந்துகளை உடைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. சிற்றலோபிராம், குளோபசாம், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடலாம். கிரேப்ஃப்ரூட் பழம் சாப்பிடவேண்டாம் என்று உங்கள் மருந்துப் போத்தலில் ஒட்டியிருந்தால் பார்மசிஸ்டிடம் கேட்காமல் சிபிடியைத் தொடாதீர்கள். அவரிடம் கேட்பதற்குக் காசில்லை, வெட்கமும் வேண்டாம்.

ஐந்தாம் படி: டொக்டரோடு கதைப்பது

உங்கள் குடும்ப டொக்டர் மறுத்தால் கோபிக்காதீர்கள். குடும்ப மருத்துவர்களின் தொழில் அமைப்பான கனடாவின் குடும்ப மருத்துவர் கல்லூரி 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, உலர்ந்த கஞ்சா பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் பொருத்தமான வைத்தியம் இல்லை என்றே சொன்னது. மத்திய அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவும் இதைப் பதற்ற மருந்தாக அங்கீகரிக்கவில்லை. சட்டம் அனுமதிக்கிறது, அவ்வளவுதான். மறுக்கிற டொக்டர் பழைமைவாதி என்று இல்லை, கையிலுள்ள ஆதாரத்தை வைத்துப் பேசுகிறார்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். என் டொக்டரிடம் நான் சொல்லத் தயங்கியதற்கு ஒரே காரணம், அவர் தமிழர், என் அக்காவுக்கும் அவர்தான் டொக்டர். அவர் இதை அக்காவிடம் சொல்லமுடியாது, சட்டம் விடாது. எனக்கு அது தெரிந்தும் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை.

கேட்கவேண்டியவை: சிபிரியோடு சேர்த்து எடுக்கலாமா? என் மருந்துகளோடு மோதுமா? எத்தனை கிழமையில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுதி வாங்குங்கள். இணையத்தில் பத்து நிமிட வீடியோ அழைப்பில் கஞ்சாப் பத்திரம் தரும் கிளினிக்குகள் இருக்கின்றன. எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். கிளினிக் குறிப்பிட்ட ஒரு விற்பனையாளரிடம் மட்டும் உங்களைத் தள்ளினால், அவர்களுக்குள் என்ன ஒப்பந்தம் என்று கேளுங்கள். மறுபடி எப்போது பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். "ஒரு வருடம் கழித்து" என்றால் அது வைத்தியம் பார்க்கிற இடமில்லை.

ஆறாம் படி: பத்திரமும் பதிவும்

டொக்டரோ நர்ஸ் பிரக்டிஷனரோ ஒப்புக்கொண்டால் தருவது மெடிக்கல் டொக்கியுமென்ட். மற்ற மருந்துச் சீட்டுப் போல இதைக் கொண்டுபோய் மூலைக்கடைப் பார்மசியில் வாங்கமுடியாது. அதில் உங்கள் பெயர், பிறந்த தேதி, நாளுக்கு எத்தனை கிராம், எவ்வளவு காலம் என்று இருக்கும். காலம் ஒரு வருடத்துக்கு மேல் போகாது. அந்தப் பத்திரத்தோடு மத்திய அரசின் அனுமதி பெற்ற மருத்துவ விற்பனையாளர் ஒருவரிடம் பதிவுசெய்தால், பொருள் வீட்டுக்குத் தபாலில் வரும். பதற்றத்துக்கு எழுதும்போது சிபிடி அதிகமாகவும் டிஎச்சி மிகக் குறைவாகவும் உள்ள எண்ணெய் என்று டொக்டரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் விற்பனையாளரின் பட்டியலில் எதையும் வாங்கிக்கொள்ளலாம், அங்கேதான் பலர் வழி தவறுவது.

19 வயது ஆனவர் தெருமுனைக் கடையிலேயே வாங்கலாமே, பிறகு ஏன் இந்தச் சிரமம்? ஒரு டொக்டர் உங்களைக் கவனித்துக்கொண்டிருப்பார். ரசீதை வருமானவரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். வேலையிடத்தில் கேள்வி வந்தால் கையில் பத்திரம் இருக்கும். எல்லோருக்கும் உள்ள 30 கிராம் வரம்புக்கு மேலாக, 30 நாள் அளவு அல்லது 150 கிராம், இரண்டில் எது குறைவோ அதையும் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பேனிக்குக்காக எடுக்கிறவருக்கு அவ்வளவு எதற்கு என்பது வேறு கதை.

ஏழாம் படி: லேபிளும் முதல் துளியும்

டிஎச்சி உள்ள பொதியில் சிவப்பு எண்கோணத்துக்குள் கஞ்சா இலைச் சின்னம் இருக்கும். உலர்ந்த பூவின் சில பொதிகளில் டிஎச்சிக்கு இரண்டு எண்கள் பார்ப்பீர்கள். சின்ன எண் அப்படியே இருக்கும்போது உள்ளது. மொத்த டிஎச்சி என்ற பெரிய எண் சூடாக்கினால் வருவது. பெரிய எண்ணைத்தான் பார்க்கவேண்டும். கிராமுக்கு 200 மில்லிகிராம் என்றால் 20 சதவீதம், புதியவருக்கு அது மிகக் கடுமை.

புகை, வேப் சில நிமிடங்களில் ஏறி, சில மணித்தியாலங்களில் இறங்கும். வாயால் எடுப்பது வேறு மாதிரி. 30 நிமிடம் முதல் 2 மணித்தியாலம்வரை ஒன்றும் தெரியாது, உச்சத்துக்கு நாலு மணித்தியாலம்கூட ஆகலாம், 12 மணித்தியாலம்வரை இழுக்கலாம். ஈரல் டிஎச்சியை இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாற்றுவதால் போதையும் கூட. நான் செய்த பிழை முழுக்க இதற்குள் இருக்கிறது. கனடாவில் உண்ணும் பண்டத்தில் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம்தான் சட்ட உச்சம். பொதி முழுவதும் ஒரு ஆளுக்கு என்று நான் நினைத்தேன். புதியவருக்கு ஹெல்த் கனடா சொல்வது 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. பேனிக் உள்ளவர் அதையும் பாதியாக்கினால் நட்டமில்லை.

என் அபிப்பிராயம், பேனிக்குக்காகத் தொடங்குகிறவர் சிபிடி எண்ணெயோடு நின்றுகொள்ளலாம். டொக்டர் டிஎச்சி சேர்க்கச் சொன்னாலும் அது பிறகு, மெல்லத்தான். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து எடுங்கள், சொட்டு எண்ணுவது சரிவராது. முதல் தடவை மறுநாள் வேலையில்லாத ஒரு மாலையில், வீட்டில், விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது. சாராயத்தோடு சேர்க்கவே கூடாது. அட்டாக் நடந்துகொண்டிருக்கும்போது முதல் தடவையாக எடுக்கவும் கூடாது. அந்நேரம் ஏற்கெனவே ஓடுகிற நெஞ்சுக்கு நீங்கள் சாட்டை கொடுக்கிறீர்கள். வாயால் எடுத்தது உள்ளே ஏறுமுன் அட்டாக்கும் தானாகவே முடிந்திருக்கும், பிறகு வருவது இலவச இரண்டாம் காட்சி.

கூடிவிட்டால்

உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். விளக்கைக் குறையுங்கள். "எடுத்தது கூடிவிட்டது, நேரத்தோடு இறங்கும்" என்று பக்கத்திலிருப்பவர் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். "என்னடா இப்படி முழிக்கிறாய்" என்று அவரும் பதறினால் காரியம் கெட்டது. என் மனைவி அன்றைக்குச் செய்த மிகச் சிறந்த வேலை, பழைய நகைச்சுவைக் காட்சிகளைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்ததுதான். ஒன்ராறியோ நச்சுத் தகவல் நிலையம் 1-844-764-7669, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். நெஞ்சுவலி, மயக்கம், நிற்காத வாந்தி, இல்லாததைப் பார்ப்பது, கேட்பது என்றால் 911. சாகவேண்டும் என்ற நினைப்பு வந்தால் 988. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கம்மியைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

எட்டாம் படி: கொப்பி எழுதுங்கள், நாள் குறித்து நிறுத்திப் பாருங்கள்

ஒரு பள்ளிக் கொப்பி போதும். தேதி, என்ன எடுத்தேன், எத்தனை மில்லிகிராம், எத்தனை அட்டாக், எங்கே, எதைத் தவிர்த்தேன். இந்தக் கடைசி நிரல்தான் உண்மையைச் சொல்லும். அட்டாக் குறைந்தது என்று சந்தோஷப்பட்ட மாதத்தில் நான் சப்வேயில் ஏறவே இல்லை என்பதைக் கொப்பிதான் காட்டிக்கொடுத்தது.

தினமும் டிஎச்சி எடுத்துப் பழகிவிட்டு நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், நித்திரையின்மை, பதற்றம் வரும். முதற்கிழமையில் உச்சம், பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் அடங்கும். அதைப் பார்த்து "நோய் திரும்பிவிட்டது, மருந்து தேவைதான்" என்று மறுபடி தொடங்குகிறவர்கள் அதிகம். திரும்பி வந்தது நோயா, மருந்து விட்ட இடைவெளியா என்று பிரித்துப் பார்க்க அந்த இரண்டு கிழமையைத் தாண்டவேண்டும். அளவு கூடிக்கொண்டே போகிறதா, காலையில் எழும்பியதும் தேடுகிறீர்களா, டொக்டரிடம் சொல்லுங்கள். கனெக்ஸ்ஒன்ராறியோ 1-866-531-2600, போதைப் பழக்கத்துக்கான உதவியை அங்கே கேட்கலாம்.

ஒன்பதாம் படி: கார், குடிவரவு, விமானம்

மருத்துவப் பத்திரம் இருந்தாலும் போதையில் காரோட்டுவது குற்றம். இரத்தத்தில் மில்லிலீட்டருக்கு 2 நானோகிராம் டிஎச்சி இருந்தாலே குற்றம் தொடங்குகிறது, 5 ஆனால் தண்டனை கூட. 2018 டிசம்பர் 18இலிருந்து போதையில் காரோட்டுவதற்கான உச்சத் தண்டனை பத்து வருடம். அதனால் இது குடிவரவுச் சட்டத்தில் பாரிய குற்றமாகிவிட்டது. நிரந்தர வதிவிட அட்டையோடு இருப்பவர் குற்றவாளி என்று தீர்ப்பானால் நாட்டைவிட்டு அனுப்பப்படும் நிலைகூட வரலாம். பிள்ளைகளுக்கும், அண்மையில் வந்த உறவினருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கனடாவுக்கு வெளியே கஞ்சாவைக் கொண்டுபோவதும் உள்ளே கொண்டுவருவதும் குற்றம், டொக்டரின் பத்திரம் எல்லையில் செல்லாது, அதிகபட்சம் 14 வருடம். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவுக்கு ஒரு நாள் பயணமாகக் காரில் போனாலும் இதேதான். கொழும்பிலும் சென்னையிலும் பிடிபட்டால் சிறை. டுபாய் வழியாகப் போகிறவர்கள் சிபிடி எண்ணெய்கூட அங்கே தடை என்பதை நினைவில் வையுங்கள். ஊருக்குப் போகுமுன் பெட்டியையும் கைப்பையையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். குளிர்ச்சட்டையின் உள் பையையும் தடவிப் பாருங்கள். நான் போன முறை பயணத்துக்கு முந்தின இரவு தடவியபோது, தொலைந்துவிட்டதென்று ஒரு வருடமாக நினைத்திருந்த வேப் பேனா அங்கேதான் இருந்தது.